எண்ணெய் நின்றது ஏன்? 1941-இல் ஜப்பான் போருக்குப் போன வழி: ஒரு நிகழ்வு ஆய்வு

1941 டிசம்பர் 8. நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் ஜப்பானியப் படைகள் மலாயாவின் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கின. ஹவாயின் பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழ அப்போது இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பசிபிக் போர் என்றதும் எல்லோருக்கும் ஹவாய்தான் நினைவுக்கு வருகிறது. ஜப்பான் தேடிப் போன பொருள்களோ தெற்கே இருந்தன: சுமத்ராவிலும் போர்னியோவிலும் எண்ணெய், மலாயாவில் ரப்பரும் வெள்ளீயமும். ஹவாயில் நடந்தது, அந்தத் தெற்குப் படையெடுப்பில் அமெரிக்கக் கடற்படை குறுக்கே வராமல் தடுக்கப் போட்ட அடி.

இந்தப் போருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் சுருக்கமானது. அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது, வேறு வழியில்லாமல் ஜப்பான் பாய்ந்தது. இதில் பாதிதான் உண்மை. எண்ணெய் நின்றது போருக்குத் தேதி குறித்தது, அவ்வளவுதான். எண்ணெய் நின்றதற்குக் காரணம், நான்கு ஆண்டுகளாக ஜப்பான் நிறுத்த மறுத்த வேறொரு போர்: சீனப் போர். அதை நிறுத்துங்கள் என்று சொல்லி நிறைவேற்றக்கூடிய அதிகாரம் டோக்கியோவில் ஒருவரிடமும் இல்லாமல் போனது எப்படி என்பதைப் பார்க்காமல் எண்ணெய்க் கணக்கை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது.

பட்டும் பருத்தியும்

1920-களின் இறுதியில் ஜப்பானிய விவசாயக் குடும்பங்களில் ஐந்தில் இரண்டு பட்டுப்புழு வளர்த்தன. ஏற்றுமதியான கச்சாப் பட்டில் பெரும்பகுதியை வாங்கியது அமெரிக்கா. 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்ததும் பட்டு விலை பாதாளத்துக்குப் போனது. அதே வேளையில் நிதி அமைச்சர் இனோவே ஜுன்னோசுகே, 1930 ஜனவரியில், யென்னைப் பழைய மதிப்பிலேயே தங்கத்தோடு கட்டினார். உலகமே சரிந்துகொண்டிருந்தபோது ஜப்பானியச் சரக்கின் விலை வெளிநாட்டில் ஏறியது. கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த மலிவான அரிசி உள்ளூர் நெல் விலையை முன்பே அமுக்கியிருந்தது. வடகிழக்கின் தோஹோக்குப் பகுதியில் 1931-இலும் 1934-இலும் விளைச்சல் பொய்த்தது. மகள்களை விலைக்கு அனுப்பும் நிலைக்குக் குடும்பங்கள் தள்ளப்பட்டன. ராணுவத்தில் சிப்பாய்களாக இருந்தவர்களில் பலர் இந்தக் கிராமங்களின் பிள்ளைகள். இளம் அதிகாரிகளிடம் பொங்கிய கோபத்துக்கு உண்மையான வேர் இங்கே இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

வெளிச்சந்தையிலும் கதவுகள் மூடின. 1930-இல் அமெரிக்கா இறக்குமதி வரியைக் கடுமையாக உயர்த்தியது. 1932-இல் ஒட்டாவா மாநாட்டில் பிரிட்டிஷ் பேரரசு தனக்குள் சலுகை, பிறருக்கு வரி என்று வேலி போட்டுக்கொண்டது. இந்தியாவும் இந்தக் கதையில் வருகிறது. யென் மதிப்பு இறங்கிய பிறகு ஜப்பானியப் பருத்தித் துணி இந்தியச் சந்தையில் இங்கிலாந்தின் லங்காஷயர் துணியைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிக்கு இந்திய அரசு 1932-இல் 50 சதவீதம், 1933-இல் 75 சதவீதம் என்று வரி விதித்தது. ஜப்பானிய ஆலைகள் பதிலுக்கு இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. சிம்லாவிலும் டெல்லியிலும் நீண்ட பேச்சுக்குப் பிறகு 1934 தொடக்கத்தில், இவ்வளவு பஞ்சு வாங்கினால் இவ்வளவு துணி விற்கலாம் என்று உடன்பாடு ஆனது. ‘வெள்ளைக்காரனின் பேரரசுகள் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டன, நமக்கு என்று ஒரு வட்டாரம் வேண்டும்’ என்ற பேச்சு ஜப்பானில் எடுபட்டதற்கு இந்த அனுபவம் துணை நின்றது. சுதந்திர வணிகம் பேசிக்கொண்டே காலனிகளை வேலி போட்டு வைத்திருந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் ‘வறுமை போருக்குத் தள்ளியது’ என்று சொல்லி முடித்துவிட முடியாது. 1931 டிசம்பரில் நிதி அமைச்சராக வந்த தக்காஹாஷி கொரெகியோ யென்னைத் தங்கத்திலிருந்து அவிழ்த்தார், அரசுச் செலவைக் கூட்டினார். பெருமந்தத்திலிருந்து மற்ற பெரிய நாடுகளுக்கு முன்பாகவே ஜப்பான் எழுந்துவிட்டது. 1933-இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் பிரிட்டனையே முந்தியது. பொருளாதாரம் தேறிவிட்டது, இனி ராணுவச் செலவைக் கட்டுப்படுத்தலாம் என்று தக்காஹாஷி முனைந்தார். 1936 பிப்ரவரி 26 அன்று கலகம் செய்த இளம் அதிகாரிகள் அவரை அவர் வீட்டிலேயே கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 81. நாடு ஏழ்மையில் இருந்ததால் அவர் கொல்லப்படவில்லை. மீண்டுவிட்டது, ஆகவே பீரங்கிக்குப் பணம் குறையட்டும் என்றதால் கொல்லப்பட்டார். என் பார்வையில், பேர்ல் ஹார்பருக்கு ஏறக்குறைய ஆறாண்டு முன்பு நடந்த இந்தக் கொலைதான் திருப்பம். அதற்குப் பிறகு ராணுவ பட்ஜெட்டுக்குக் கடிவாளம் போட எந்த நிதி அமைச்சருக்கும் துணிச்சல் வரவில்லை.

அதற்கு முன்பும் வரிசையாகப் பலர் விழுந்திருந்தார்கள். போர்க்கப்பல்களுக்கு வரம்பு விதித்த லண்டன் கடற்படை உடன்படிக்கையை ஏற்ற பிரதமர் ஹமாகுச்சி 1930 நவம்பரில் டோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டு, அடுத்த ஆண்டு இறந்தார். 1932 பிப்ரவரியில் இனோவே கொல்லப்பட்டார். அதே ஆண்டு மே 15-இல் பிரதமர் இனுகாய் கொல்லப்பட்டார். கொலையாளிகளை ‘நாட்டுப்பற்று மிகுந்த இளைஞர்கள்’ என்று பாராட்டி, தண்டனையைக் குறைக்கச் சொல்லி மனுக்கள் குவிந்தன.

அதிகாரம் யார் கையில்?

1889-இன் மெய்ஜி அரசியல் சட்டப்படி படைகளின் தலைமை பேரரசருக்கு உரியது. நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், தரைப்படைத் தலைமையும் கடற்படைத் தலைமையும் அமைச்சரவைக்குப் பதில் சொல்ல வேண்டாம். பேரரசரோ பொதுவாக நேரடியாக உத்தரவு போடுவதில்லை. ஆக நடுவில் ஒரு வெற்றிடம். அதை நிரப்பியவர்கள் நடுத்தர அதிகாரிகள்.

1931 செப்டம்பர் 18 அன்று, சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவில், முக்டென் அருகே ரயில் பாதையில் ஒரு சிறிய வெடி. வைத்தவர்கள் அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை அதிகாரிகள், திட்டம் இஷிவாரா கஞ்சி, இதாகாகி செய்ஷிரோ இருவருடையது. பழி சீனர்கள் மீது போடப்பட்டது. டோக்கியோ அரசு நிறுத்தச் சொல்லச் சொல்ல மஞ்சூரியா முழுவதும் பிடிக்கப்பட்டது. அரசுக்குத் தெரியாமல் தொடங்கியதை அரசே பின்னால் அங்கீகரித்தது, பத்திரிகைகள் கொண்டாடின. கட்டளையை மீறினால் தண்டனை கிடைக்காது, பதவி உயர்வு கிடைக்கும் என்ற பாடத்தை ஒரு தலைமுறை அதிகாரிகள் அன்று கற்றார்கள். உலக நாடுகள் சங்கம் கண்டித்தபோது ஜப்பான் சங்கத்தை விட்டே வெளியேறியது.

1936 கலகம் அடக்கப்பட்ட பிறகு இன்னொரு முடிச்சும் விழுந்தது. தரைப்படை, கடற்படை அமைச்சர்கள் பணியில் உள்ள அதிகாரிகளாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழைய விதி திரும்ப வந்தது. பிடிக்காத பிரதமருக்கு ராணுவம் அமைச்சரை அனுப்பாமல் இருந்தாலே போதும், அமைச்சரவை கவிழ்ந்துவிடும். ஜெர்மனியோடு கூட்டுச் சேரத் தயங்கிய பிரதமர் யோனாயின் அமைச்சரவை 1940 ஜூலையில் விழுந்தது இப்படித்தான்.

தீராத சீனப் போர்

மஞ்சூரியாவின் நிலக்கரியும் இரும்பும் சோயாவும் ஜப்பானைத் தன் காலில் நிற்க வைக்கும் என்பது இஷிவாரா போன்றவர்களின் கணக்கு. நீண்ட காலம் அமைதியாக இருந்து தொழிலைக் கட்டினால் பிறகு பெரிய வல்லரசுகளோடு மோதலாம் என்று இஷிவாரா நினைத்தார். அதனாலேயே, 1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங் அருகே மார்கோ போலோ பாலத்தில் சிறு மோதல் வெடித்தபோது, அதைப் பெரிதாக்காதீர்கள் என்று மன்றாடியவரும் அவரே. 1931-இல் தான் சொல்லாமல் செய்ததைத்தான் இப்போது மற்றவர்கள் செய்கிறார்கள் என்ற நிலையில் அவர் பேச்சை யார் கேட்பார்கள்? போர் ஆகஸ்டில் ஷாங்காய்க்கும், டிசம்பரில் சீனத் தலைநகர் நான்ஜிங்குக்கும் பரவியது. நான்ஜிங்கில் நடந்த படுகொலை சமரசத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் அழித்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் ராணுவத்தின் மேல் போடுவது ஜப்பானில் போருக்குப் பிறகு வசதியான பழக்கமாகிவிட்டது. 1938 ஜனவரியில், ஜெர்மன் தூதர் வழியாக நடந்த சமரச முயற்சியைத் தொடர வேண்டும் என்று வாதாடியது தரைப்படைத் தலைமையகம். முடித்துக்கொள்வோம் என்றது பிரதமர் கொனோயே ஃபுமிமாரோவின் அமைச்சரவை. சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் அரசோடு இனிப் பேச்சே இல்லை என்று கொனோயே ஜனவரி 16 அன்று அறிவித்தார். எதிரியோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் போரை யாரோடு பேசி முடிப்பது? சீன அரசு சோங்சிங் மலைகளுக்குள் பின்வாங்கியது. ஜப்பான் நகரங்களையும் ரயில் பாதைகளையும் பிடித்துக்கொண்டு, முடிவில்லாமல் ஆளையும் பணத்தையும் இறைத்தது.

பொருளாதாரப் பொறி இதில்தான் இருக்கிறது. தன்னிறைவுக்காகத் தொடங்கிய போர், ஜப்பானை முன்னைவிட அதிகமாக அமெரிக்காவைச் சார்ந்திருக்க வைத்தது. விமானப் பெட்ரோல், பழைய இரும்பு, இயந்திரக் கருவிகள், தாமிரம் எல்லாமே அங்கிருந்துதான் வந்தன. எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து. உள்நாட்டில் அகிதா, நீகாத்தா கிணறுகள் தந்தது தேவையில் மிகச் சிறு பங்கு. சீனாவில் ஒரு குண்டு வெடிக்க வேண்டுமானால் அதற்கு முன் கலிஃபோர்னியாவில் ஒரு கப்பல் சரக்கேற்ற வேண்டும். மஞ்சூரியாவில் ஜப்பானியர் எண்ணெய் தேடினார்கள், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. சீனாவின் மிகப் பெரிய எண்ணெய் வயலான தாச்சிங் அதே மஞ்சூரியாவில், 1959-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

ஆயுதத் தொழிலுக்கு மூலப்பொருள் வாங்க டாலர் வேண்டும். டாலர் சம்பாதிக்கத் துணி ஏற்றுமதி வேண்டும், துணிக்குப் பஞ்சு வேண்டும், பஞ்சு வாங்கவும் அந்நியச் செலாவணிதான் வேண்டும். போருக்காகப் பஞ்சு இறக்குமதியை வெட்டினார்கள். ஏற்றுமதி படுத்தது, டாலர் வரவு இன்னும் குறைந்தது, தங்கக் கையிருப்பு கரைந்தது.

வடக்கா, தெற்கா?

1939 கோடையில் மங்கோலிய எல்லையில் சோவியத் படையிடம், தளபதி ஜூக்கோவின் டாங்கிகளிடம், ஜப்பான் பலத்த அடி வாங்கியது. வடக்கே போகும் ஆசைக்கு அது பெரிய தடை. அதே ஜூலையில் அமெரிக்கா 1911-ஆம் ஆண்டின் வணிக ஒப்பந்தத்தை முடிக்கப்போவதாக அறிவித்தது. 1940 ஜனவரியிலிருந்து எந்தச் சரக்கையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற நிலை வந்தது.

1940 மே, ஜூனில் ஹாலந்தும் பிரான்சும் ஹிட்லரிடம் விழுந்தன. தென்கிழக்கு ஆசியாவில் அந்த நாடுகளின் காலனிகள் கேட்பாரற்று நின்றன. ‘பஸ்ஸைத் தவறவிடாதே’ என்பது அந்த ஆண்டு ஜப்பானில் ஊரெங்கும் ஒலித்த வாசகம். செப்டம்பரில் ஜப்பான் பிரெஞ்சுக் காலனியான இந்தோசீனாவின் வடக்குப் பகுதிக்குள் நுழைந்தது, 27-ஆம் தேதி ஜெர்மனி, இத்தாலியோடு முத்தரப்பு ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவை மிரட்டி ஒதுங்க வைக்கலாம் என்பது வெளியுறவு அமைச்சர் மட்சுவோகாவின் எண்ணம். நடந்தது நேர்மாறு. அதுவரை ஆசியப் பிரச்சினையாக இருந்த ஜப்பான், அமெரிக்கர் கண்ணில் ஹிட்லரின் கூட்டாளியானது. பழைய இரும்பு ஏற்றுமதி நிறுத்தப்பட்டது.

டச்சுக் கிழக்கிந்தியாவில் (இன்றைய இந்தோனேசியா) காசு கொடுத்தே எண்ணெய் வாங்கவும் ஜப்பான் முயன்றது. 1940 செப்டம்பரில் வணிக அமைச்சர் கொபயாஷி இச்சிஸோ அதன் தலைநகர் பதாவியாவுக்குப் போனார், பிறகு யோஷிசாவா கென்கிச்சி போனார். கேட்ட அளவு கிடைக்கவில்லை. 1941 ஜூனில் பேச்சு முறிந்தது.

அதே மாதம் 22-ஆம் தேதி ஹிட்லர் ரஷ்யாவுக்குள் பாய்ந்தார். ஏப்ரலில்தான் ஸ்டாலினோடு நடுநிலை ஒப்பந்தம் போட்டிருந்த மட்சுவோகா, இப்போது ரஷ்யாவைத் தாக்கலாம் என்றார். ஜூலை 2 அன்று பேரரசர் முன்னிலையில் எடுத்த முடிவு, தெற்கே முன்னேறு, வடக்கே ஆயத்தமாக இரு, தேவையானால் பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் போருக்குத் தயங்காதே என்று எல்லோருக்கும் ஏற்றபடி எழுதப்பட்டிருந்தது. யாருடைய கோரிக்கையும் மறுக்கப்படவில்லை என்பதுதான் அந்த ஆவணத்தின் சிக்கல். இந்த மாதிரித் தாள்கள் அடுத்த மாதங்களில் கட்டளைகளாக மாறின.

நின்ற கப்பல்கள்

ஜூலை இறுதியில் ஜப்பானியப் படை தெற்கு இந்தோசீனாவில் இறங்கியது. சைகோன் விமானத் தளத்திலிருந்து மலாயா எட்டும் தூரம். ஜூலை 26 அன்று ரூஸ்வெல்ட் அமெரிக்காவிலிருந்த ஜப்பானியச் சொத்துகளை முடக்கினார்.

எண்ணெயை ஒரேயடியாக நிறுத்த ரூஸ்வெல்ட் முடிவு செய்தாரா? அவர் பேச்சைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றுகிறது. எண்ணெயை முன்பே வெட்டியிருந்தால் ஜப்பான் டச்சுத் தீவுகளுக்குப் போயிருக்கும், போர் வந்திருக்கும் என்று இரண்டு நாள் முன்புதான் அவரே சொல்லியிருந்தார். முடக்கிய பணத்திலிருந்து அவ்வப்போது அனுமதி கொடுத்து, கழுத்துக் கயிற்றை ஆட்டிக்கொண்டிருப்பதே திட்டம். அந்த அனுமதியைத் தர வேண்டிய குழுவில் வெளியுறவுத் துறையின் டீன் அச்செசன் இருந்தார். ஏற்றுமதி உரிமம் கிடைத்தாலும் பணம் கட்ட வழிவிடாமல் கோப்புகளை அந்தக் குழு நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் நியூஃபவுண்ட்லாந்து கடலில் சர்ச்சிலைச் சந்திக்கப் போயிருந்தார். முழுத் தடை என்று எந்த உத்தரவும் இல்லாமலேயே எண்ணெய் முழுதாக நின்றது. இதற்குப் பிறகு தளர்த்தினால் பலவீனம் போலத் தெரியும் என்பதால் அது அப்படியே நீடித்தது. பிரிட்டனும் டச்சு அரசும் பின்தொடர்ந்தன.

மிரட்டினால் ஜப்பான் பின்வாங்கும் என்ற நம்பிக்கை வாஷிங்டனில் ஆழமாக இருந்தது. டோக்கியோவிலிருந்த தூதர் ஜோசப் குரூ, நெருக்கினால் ஜப்பான் திடீரென்று, பயங்கரமாகப் பாயக்கூடும் என்று நவம்பர் தொடக்கத்தில் எச்சரித்தார். வெளியுறவுத் துறையின் ஆசிய ஆலோசகர் ஹார்ன்பெக் என்பவரோ, டிசம்பர் 15-க்குள் போர் வராது என்று நவம்பர் 27 அன்று ஒன்றுக்கு ஐந்து பந்தயம் வைத்து எழுதினார்.

கணக்கு தெரிந்தவர்கள்

1941 கோடையில் டோக்கியோவின் முழுப்போர் ஆய்வு நிறுவனத்தில், அமைச்சகங்களிலிருந்தும் படைகளிலிருந்தும் தொழில் நிறுவனங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பது சொச்சம் இளைஞர்கள் ஒரு மாதிரி அமைச்சரவை அமைத்து, அமெரிக்காவோடு போர் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். தெற்கின் எண்ணெயைப் பிடிக்கலாம். ஆனால் கப்பல்கள் மூழ்கும், போர் நீளும், கடைசியில் சோவியத்தும் வந்து சேரும், ஜப்பான் தோற்கும் என்று வந்தது விடை. ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் கொனோயே, ராணுவ அமைச்சர் டோஜோ ஹிதேகி முன்னால் இதைப் படித்தார்கள். இது மேசைக் கணக்கு, 1904-இல் ரஷ்யாவோடு போரிட்டபோதும் ஜெயிப்போம் என்று நினைத்தா இறங்கினோம், போரில் எதிர்பாராதவை நடக்கும் என்று டோஜோ பதில் சொன்னார். அந்த இளைஞர்களின் விடை ஏறக்குறைய அப்படியே பலித்தது.

தெரியாமல் விழுந்தார்கள் என்று சொல்லவே முடியாது. அமெரிக்க எஃகு உற்பத்தி ஜப்பானுடையதைப் போலப் பத்து மடங்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆட்டம் காட்டலாம், அதற்கு மேல் நம்பிக்கை இல்லை என்று கடற்படைத் தளபதி யமமோட்டோ 1940-லேயே கொனோயேவிடம் சொல்லியிருந்தார். பேரரசர் ஹிரோஹிட்டோவும் கேள்வி எழுப்பினார். செப்டம்பர் 5 அன்று, தெற்கில் மூன்று மாதத்தில் முடியும் என்ற தரைப்படைத் தலைவர் சுகியாமாவிடம், சீனப் போர் ஒரு மாதத்தில் முடியும் என்றீர்களே, நான்கு வருடமாயிற்றே என்றார். சீனா பரந்த நாடு என்றார் சுகியாமா. பசிபிக் அதைவிடப் பரந்தது இல்லையா என்று பேரரசர் கோபப்பட்டார். மறுநாள் கூட்டத்தில், அக்டோபர் தொடக்கத்துக்குள் பேச்சுவார்த்தை பலிக்காவிட்டால் போர் என்ற தீர்மானம் நிறைவேறியது. தன் தாத்தா மெய்ஜி பேரரசரின் அமைதிக் கவிதை ஒன்றைப் படித்துக் காட்டியதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

கடற்படையின் நடத்தை என்னை மிகவும் வருத்துகிறது. பசிபிக்கில் சண்டை போட வேண்டியது அவர்கள்தான். நீண்ட போரில் வெல்ல முடியாது என்று அறிந்தவர்களும் அவர்கள்தான். ஆனால் பல ஆண்டுகளாக அமெரிக்காவை எதிரியாகக் காட்டித்தான் எஃகும் பணமும் வாங்கியிருந்தார்கள். முடியாது என்று சொன்னால் தரைப்படை கேட்கும்: பிறகு எதற்கு உங்களுக்கு இவ்வளவு? அக்டோபர் 12 அன்று கொனோயே வீட்டில் நடந்த சந்திப்பில் கடற்படை அமைச்சர் ஒய்காவா, முடிவைப் பிரதமரிடமே விடுகிறேன் என்றார். கடற்படையால் முடியாது என்ற ஒரு வாக்கியத்தை அவர் அன்று சொல்லியிருந்தால் தரைப்படை திணறியிருக்கும். சொல்லவில்லை.

டோஜோ பிடித்த பிடி எண்ணெயில் இல்லை, சீனாவில். அமெரிக்கா கேட்பது சீனாவிலிருந்து படை விலகல். விலகினால் இதுவரை கொடுத்த உயிர்களும் செலவிட்ட பணமும் வீண், மஞ்சூரியாவும் போகும், கொரியாவும் ஆட்டம் காணும் என்றார். மனிதன் சில நேரம் கியோட்டோவின் கியோமிசு கோயிலின் உயரமான மாடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு குதிக்கத்தான் வேண்டும் என்று கொனோயேவிடம் சொன்னவரும் அவர்தான். கொனோயே ராஜினாமா செய்தார். அக்டோபர் 18 அன்று டோஜோ பிரதமரானார்.

பழைய தீர்மானத்தை மறந்து முதலிலிருந்து யோசிக்கும்படி பேரரசர் தரப்பு அவரிடம் கேட்டுக்கொண்டது. யோசித்தார்கள். அக்டோபர் 23 அன்று கடற்படைத் தலைவர் நகானோ, மணிக்கு 400 டன் எண்ணெய் எரிகிறது, சீக்கிரம் முடிவு செய்யுங்கள் என்றார். இந்த வாதத்தின் வலிமை இதில்தான்: காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கையிருப்பு குறையும். அமெரிக்காவோ 1940-இல் நிறைவேற்றிய சட்டத்தின்படி பிரம்மாண்டமான கடற்படையைக் கட்டிக்கொண்டிருந்தது. இன்று ஓரளவு சமநிலை, இரண்டு வருடம் கழித்து எட்டாத தூரம். நவம்பர் 1-இன் நெடுங்கூட்டத்தில் நிதி அமைச்சர் காயா, காத்திருந்தால் அமெரிக்கா நம்மைத் தாக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சரியான கேள்வி. அமெரிக்கா தாக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இப்போது விட்டால் இனி வாய்ப்பில்லை என்பதே நகானோவின் பதில். காயாவும் வெளியுறவு அமைச்சர் தோகோவும் கடைசியில் இணங்கினார்கள்.

நவம்பர் 5 அன்று திட்டக் குழுத் தலைவர் சுசுகி தெய்ச்சி பேரரசர் முன்னால் புள்ளிவிவரத்தை வைத்தார். தெற்கைப் பிடித்தால் முதல் வருடம் 3 லட்சம் கிலோலிட்டர் எண்ணெய் வரும், இரண்டாம் வருடம் 20 லட்சம், மூன்றாம் வருடம் 45 லட்சம். வணிகத்துக்கு 30 லட்சம் டன் கப்பல் ஒதுக்கினால் போதும். வருடத்துக்கு 8 முதல் 10 லட்சம் டன் கப்பல் மூழ்கலாம், புதிதாக 6 லட்சம் டன் கட்டலாம். இந்த அட்டவணையின் நோக்கம் போர் சாத்தியமா என்று சோதிப்பது அல்ல. எடுத்துவிட்ட முடிவுக்கு எண்கள் தேவைப்பட்டன, எண்கள் வந்தன.

ஜப்பான் எண்ணெய்க்காக டச்சுத் தீவுகளை மட்டும் தாக்கி அமெரிக்காவை விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சுமத்ராவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் கடல் வழிக்குப் பக்கவாட்டில் பிலிப்பைன்ஸ் இருக்கிறது, அங்கே அமெரிக்கப் படை இருந்தது. அதை விட்டுவைத்துத் தெற்கே போகக் கடற்படை ஒருபோதும் ஒப்பவில்லை.

நவம்பர் 26 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் கார்டெல் ஹல் கொடுத்த குறிப்பு, சீனாவிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் முழு விலகல் கேட்டது. மூன்று மாதத் தற்காலிக ஏற்பாடு ஒன்றை ஹல் முதலில் வரைந்திருந்தார். சியாங் கை ஷேக்கும் சர்ச்சிலும் ஆட்சேபிக்க, அதைக் கைவிட்டார். அது ஒரு நல்ல வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன். மூன்று மாதத்தில் மாஸ்கோ வாசலில் ஜெர்மனி பின்வாங்கியது டோக்கியோவுக்குத் தெரிந்திருக்கும், ‘பஸ்’ ஓடாது என்பது புரிந்திருக்கும். ஆனால் ஹல் குறிப்புதான் போரை உண்டாக்கியது என்று சொல்வது தவறு. அது டோக்கியோ போய்ச் சேரும் முன்பே, பேர்ல் ஹார்பர் நோக்கிய கப்பற்படை வடக்கே குரில் தீவுகளின் ஹிட்டோகாப்பு விரிகுடாவிலிருந்து கிளம்பிவிட்டது.

பிறகு நடந்தது

எண்ணெய் கிடைத்தது. 1942 பிப்ரவரியில் சுமத்ராவின் எண்ணெய் நகரமான பாலெம்பாங் பிடிபட்டது, உற்பத்தி சுசுகியின் கணக்கையும் தாண்டியது. மே மாதம் எண்ணெய்ப் பொறியாளர்களை ஏற்றிச் சென்ற தையோ மாரு கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. 1944-இல் மட்டும் ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்கள் 35 லட்சம் டன்னுக்கும் மேல். சுமத்ராவில் எண்ணெய் இருந்தது, ஜப்பானில் இல்லை. 1945 வசந்தத்தில் வரத்து அடியோடு நின்றது. பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிப் பைன் மர வேர்களைத் தோண்டி எரிபொருள் எடுக்க முயன்றார்கள்.

மலாயாவில் இந்தப் பொருளாதாரம் வேறு விதமாக இறங்கியது. ஜப்பான் ஆசைப்பட்ட ரப்பர் அதன் தேவையைவிடப் பல மடங்கு அதிகம். வழக்கமாக வாங்கிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் இப்போது எதிரிகள். ரப்பர் மரத்தில் பால் எடுப்பது நின்றது, தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கூலி நின்றது, வெளியிலிருந்து வந்த அரிசியும் நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தமிழ்த் தொழிலாளர்கள் நாள் கடத்தினார்கள். அந்தமான் கடல் வழியாக ரங்கூனுக்குக் கப்பல் அனுப்புவது ஆபத்தானதும், தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ராணுவம் முடிவு செய்தது. வேலையில்லாமல் கிடந்த தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் முதலில் ஆசை காட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகவும் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது காலரா, மலேரியா, பட்டினி, அடி எல்லாமாக ஆசியத் தொழிலாளர்களில் பல பத்தாயிரம் பேர் செத்திருந்தார்கள். போர்க் கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. இவர்களுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஆய்வாளர்களிடம் ஒரே எண் இல்லை.